கத்திரி வெயிலில் மண்புழுத் தொட்டி: புழுக்கள் மூடியில் ஏறி நிற்கின்றன, என்ன செய்யலாம்?

மாடிக்கீரை | வேளச்சேரி

வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு மண்புழு வளர்க்கிறோம். நான்கு பேர் இருக்கும் வீடு. காய்கறித் தோல், டீத்தூள், பழத்தோல் எல்லாம் அதற்குள்தான் போகும். ஐப்பசியில் தொடங்கியது, பங்குனி வரை ஒரு தொல்லையும் இல்லை. மாடியில் இருக்கும் கீரைக்கும் கத்தரிக்கும் அந்த உரம்தான்.

இப்போது நிலைமை சரியில்லை. காலையில் மூடியைத் தூக்கினால் உள்விளிம்பைச் சுற்றிப் புழுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில வெளியே விழுந்து தளத்தோடு காய்ந்து ஒட்டிப்போயிருக்கின்றன. உள்ளே இருப்பவையும் பழைய சுறுசுறுப்பில் இல்லை. முன்பெல்லாம் விரல் பட்டதும் விலுக்கென்று நெளிந்து ஓடும், இப்போது மெதுவாகச் சுருண்டுகொள்வதோடு சரி. லேசாகப் புளித்த வாடையும் வருகிறது. பச்சை நிழல் வலை கட்டியிருக்கிறேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கிறேன்.

ஐஸ் போடலாமா, கீழே பார்க்கிங்குக்கு எடுத்துப்போகலாமா, இல்லை எல்லாவற்றையும் செடித்தொட்டிகளில் விட்டுவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செம்மண் | சேலம்

மேடம், செடித்தொட்டியில் விட்டுவிட வேண்டாம். அங்கே இதைவிடச் சீக்கிரம் காயும், அதோடு நாம் வாங்கி வளர்க்கும் உரப்புழு மக்கும் குப்பையில் வாழ்கிற ஜாதி, வெறும் மண்ணில் அதிகம் தங்காது.

முதலில் அளந்து சொல்லுங்கள். மீன் தொட்டிக்கு விற்கிற வயர் வைத்த சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். மேல்பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பயனில்லை, நடுவில் ஒரு சாண் ஆழத்துக்கு இறக்குங்கள். மதியம் 3 மணிக்கு ஒரு தடவை, விடியற்காலை 6 மணிக்கு ஒரு தடவை. அந்தந்த நேரத்தில் வெளியே நிழலில் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலை அளவுதான் எனக்கு முக்கியம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம், கடைசியாக என்ன போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள்?

பானைக்காரர் | கரூர்

ஏங்க, டிரம்மைத் தூக்கிப் போட்டுட்டு மண்பானைக்கு மாறிடுங்க. எங்கள் ஊர் வெயில் உங்கள் ஊரைவிடக் கடுமை. நான் பத்து வருஷத்துக்கும் மேலாகப் பானையில்தான் வைத்திருக்கிறேன். பானையின் சுவர் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகும், உள்ளே சில்லென்று இருக்கும். குடிக்கிற தண்ணீர்ப் பானைக்கும் இதே கணக்குத்தான். பிளாஸ்டிக்கில் ஒரு சொட்டு வெளியே போகாது, வெயிலை மட்டும் உள்ளே இழுக்கும்.

அதுவரைக்கும் டிரம்மைச் சுற்றி நனைத்த சணல் சாக்கைக் கட்டுங்கள். மேலேயும் ஒன்று போடுங்கள். காயக் காயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

மாடிக்கீரை | வேளச்சேரி

பதில் சொன்ன இருவருக்கும் நன்றி. செம்மண் சார் சொன்னபடி அளந்தேன். மதியம் 3 மணிக்கு நடுவில் 38, வெளியே நிழலில் 37. காலை 6 மணிக்கு நடுவில் 35, வெளியே 29.

கடைசியாகப் போட்டது முக்கால்வாசி மாம்பழத் தோலும் கொட்டையும். சீசன் என்பதால் வீட்டில் தினமும் மாம்பழம். முலாம்பழம், தர்பூசணித் தோலும் உண்டு. தொட்டியில் இப்போது ஒன்றரை அடி உயரம் நிறைந்திருக்கிறது.

மண்வாசம் | தாம்பரம்

செம்மண் சார் காலை அளவை ஏன் கேட்டார் என்பது இப்போது தெரிந்துவிட்டது. விடியற்காலையில் வெளியே 29, உள்ளே 35. வெயில் மட்டும்தான் காரணம் என்றால் ராத்திரி முழுக்க ஆறி, காலையில் வெளிச்சூட்டுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். 6 டிகிரி கூடுதலாக நிற்கிறது என்றால் அந்தச் சூடு உள்ளே இருந்துதான் வருகிறது. உங்கள் தொட்டி தானே வெந்துகொண்டிருக்கிறது.

கோடையில் வீட்டுத் தொட்டிகள் சாவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது நான் பார்த்த வரையில் என் முடிவு. எல்லோரும் வெயிலைத்தான் குற்றம் சொல்கிறோம். பச்சைக் கழிவு மக்கும்போது நுண்ணுயிர்கள் சூட்டைக் கக்கும். புதுச் சாணத்தையும் இலைதழையையும் குவித்து வைத்தால் உள்ளே 60 டிகிரி வரை போகும், கை வைக்க முடியாது. வீட்டுத் தொட்டி சின்னது, அதனால் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் மார்கழியில் இந்தச் சூடு பக்கவாட்டில் வெளியேறிவிடும். மேயில் வெளியேற இடமில்லை, வெளியேயும் அதே சூடு. சூடு ஏற ஏற நுண்ணுயிர் இன்னும் வேகமாக வேலை செய்யும், இன்னும் சூடாகும்.

மாம்பழத் தோல் இதில் ரொம்ப மோசம். முழுக்க சர்க்கரை. காற்றில்லாத இடத்தில் ஈரத்தோடு கிடந்தால் ஒரே நாளில் நொதித்துவிடும், உங்களுக்கு வரும் புளித்த வாடை அதுதான். அந்த நொதிப்பில் உண்டாகும் ஆல்கஹாலும் அமிலமும் புழுவின் தோலுக்கு ஆகாது.

மூச்சு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் ஆக்ஸிஜனை எடுக்கிறது. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 8.3 மில்லிகிராம் கரையும், 35 டிகிரியில் 7-க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதே சமயம் நுண்ணுயிர்களும் புழுவும் முன்பைவிட அதிக ஆக்ஸிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடினால் என்ன ஆகும்? மூச்சு முட்டும். அதனால்தான் விளிம்புக்கு ஏறி வருகின்றன. நீங்கள் இதற்கு மேல் தண்ணீர் தெளித்தால் இடைவெளியெல்லாம் அடைந்து இருக்கிற காற்றும் போகும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது இதுதான். ஒரு பெரிய தட்டோ தார்ப்பாயோ எடுத்து நிழலில் விரியுங்கள். தொட்டியில் மேலே கிடக்கும் மக்காத பழத்தோல், கொட்டை எல்லாவற்றையும் பொறுக்கி வெளியே எடுங்கள், ஒரு துண்டுகூட விடாமல். மீதியைப் பாதி பாதியாகப் பிரித்து, அகலமான இரண்டு பாத்திரங்களில் ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். அகலமாகவும் தாழ்வாகவும் இருந்தால் சூடு தங்காது. அலசிய தென்னை நார்க்கழிவு, கிழித்த அட்டைப்பெட்டி, காய்ந்த இலை, எது கையில் இருக்கிறதோ அதை நனைத்துப் பிழிந்து, உள்ளே இருப்பதற்குச் சமமான அளவு கலந்துவிடுங்கள். அடுத்த ஒரு வாரம் சாப்பாடே போட வேண்டாம். புழு பட்டினியில் சாகாது, அட்டையையும் இலையையும் தின்றுகொண்டு இருக்கும்.

நனைத்தது எவ்வளவு ஈரம் என்று கேட்டால், ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியும்போது விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் அதிகம்.

அப்படியே இடத்தையும் மாற்றுங்கள். மொட்டை மாடித் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு நடுராத்திரி வரை அதைக் கக்கும். எத்தனை நிழல் வலை கட்டினாலும் அடியில் இருந்து வரும் சூட்டைத் தடுக்காது. கீழே பார்க்கிங்கில் வடக்குச் சுவரோரம் இடம் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில். இரண்டும் முடியாதவர்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், செங்கல் அடுக்கி அதன்மேல் பலகை போட்டு, காற்று அடியில் போகிற மாதிரி வைக்கலாம்.

மாடிக்கீரை | வேளச்சேரி

இதோ போகிறேன். பார்க்கிங்கில் வைக்க அசோசியேஷனில் கேட்க வேண்டும். சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற இடம் இருக்கிறது, இப்போதைக்கு அங்கே கொண்டுவருகிறேன்.

தென்றல் | திருச்சி

என்னிடமும் இதே மாம்பழக் கேள்வி இருக்கிறது. சித்திரை, வைகாசி முழுக்க வீட்டில் மாம்பழம், பலாப்பழம்தான். தொட்டிக்குப் போடக்கூடாது என்றால் அத்தனையும் மாநகராட்சிக் குப்பை வண்டிக்குத்தானா? மனசு வரவில்லை.

மண்வாசம் | தாம்பரம்

வேண்டாம், வண்டிக்குக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு பழைய பானையோ பக்கெட்டோ வைத்து, ஒரு அடுக்கு காய்ந்த இலை, ஒரு அடுக்கு பழத்தோல் என்று போட்டு வாருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் சூடெல்லாம் அடங்கி, கறுத்து, பாதி மக்கிவிடும். அதற்குப் பிறகு புழுத் தொட்டியில் போட்டால் புழு விரும்பித் தின்னும், தொட்டியும் சூடாகாது. புதுச் சாணத்தை ஆறவைத்துப் போடுகிறோம் இல்லையா, அதே காரணம்தான்.

வெயில் காலத்தில் தோலை ஒரு நாள் மாடியில் காயவைத்துச் சருகாக்கியும் வைத்துக்கொள்ளலாம். காய்ந்த தோல் நொதிக்காது. ஆடி மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடலாம். மாங்கொட்டை மட்டும் லேசில் மக்காது, எடுத்துவிடுங்கள்.

பலாச்சடையைத் தொட்டிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மாடு வைத்திருப்பவர் யாராவது தெரிந்தால் கொடுத்துவிடலாம், அவை ஆசையாகத் தின்னும்.

பானைக்காரர் | கரூர்

உள்சூடு பற்றி நீங்கள் சொன்னது சரிதான், மண்வாசம் ஐயா. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஈரச்சாக்கைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே? என் அனுபவத்தில் கோடையில் புழுவைக் காப்பாற்றுவது அதுதான். வெளியே 41 இருக்கும்போது என் பானைக்குள் 29, 30-ஐத் தாண்டாது.

மண்வாசம் | தாம்பரம்

கரூரில் அது நடக்கும், நான் மறுக்கவில்லை. சென்னையில் அதே அளவு கிடைக்காது என்பதால்தான் சொல்லவில்லை.

காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரம் ஆவியாகும், அவ்வளவு குளிரும். உங்கள் பக்கம் மதியம் 41 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றில் ஒரு ஈரத் துணி 25 டிகிரி வரை இறங்க முடியும். எங்கள் பக்கம் 37 டிகிரி, ஈரப்பதம் 55 சதவீதம். அதே துணி 29-க்குக் கீழே போகவே போகாது. இரண்டுமே துணிக்கான கணக்கு. பானையின் நடுவில் அதைவிடச் சில டிகிரி கூடுதலாகத்தான் நிற்கும். ஆக, உங்கள் வெயில் கடுமையாக இருந்தும் உங்கள் புழு எங்கள் புழுவைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சாக்கு மட்டும் போதாது, சாப்பாட்டைக் குறைப்பதும் இடத்தை மாற்றுவதும் கட்டாயம்.

மேலே சாக்கை நனைத்துச் சப்பென்று மூடுவதும் எனக்கு உடன்பாடு இல்லை. நனைந்த சாக்கு காற்றை அடைத்துவிடும். பக்கவாட்டில் கட்டுங்கள், மேலே ஒரு கை அளவு இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள்.

பானைக்காரர் | கரூர்

கணக்கு ஒத்துவருகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் என் குடிதண்ணீர்ப் பானையே சில்லென்று ஆகாது, அதே காரணம்தான் போல. அப்படியானால் கடலோரத்துக்காரர்கள் சாக்கைக் காற்றோட்டத்தில் தொங்கவிட்டால் கொஞ்சமாவது கூடுதலாகக் கிடைக்கும். சாயங்காலம் கடல்காற்று வந்துவிட்டால் ஈரம் வேகமாகப் போகுமே. மேலே மூடும் சாக்கை நானும் நனைத்துப் பிழிந்துதான் போடுவேன், ஒழுக ஒழுகப் போடுவதில்லை.

செம்மண் | சேலம்

ஐஸ் பற்றி அந்தச் சகோதரி கேட்டது அப்படியே நிற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை உறையவைத்து, செய்தித்தாளில் சுற்றித் தொட்டியின் மேலே ஒரு ஓரமாக வைக்கலாம். 20 கிலோ ஈரமான படுக்கையை, அதாவது தொட்டிக்குள் புழு வாழும் கலவையை, கணக்குக்கு எடுத்தால், ஒரு லிட்டர் பனிக்கட்டி முழுக்க உருகும்போது அதிகபட்சம் 5 டிகிரி குறைக்கும். பாதி குளிர் வெளியே போய்விடும் என்பதால் 2 முதல் 3 டிகிரிதான் உங்களுக்குக் கிடைக்கும். அதுவும் ஒரு மதியத்தைத் தாண்டுவதற்குப் போதும். 38-ல் நிற்கும் தொட்டியை 35-க்குக் கொண்டுவந்தால் புழு பிழைக்க வாய்ப்பு கூடும்.

ஆனால் அதே ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் பனிக்கட்டி உருகுவதைப்போல் ஏழு மடங்கு சூட்டை எடுத்துப்போகும். அதனால் ஐஸ் என்பது அவசரத்துக்கு, தினசரி வழக்கத்துக்கு அல்ல. பாட்டிலை நடுவில் புதைக்காதீர்கள். ஓரத்தில் வைத்தால் எது பிடிக்கிறதோ அந்தப் பக்கம் புழு தானே நகர்ந்துகொள்ளும். ஐஸ் தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது.

நாட்டுப்புழு | மதுரை

எல்லோரும் தொட்டியைப் பற்றியே பேசுகிறீர்கள், புழு எது என்று யாருமே கேட்கவில்லை. மாடிக்கீரை மேடம், உங்கள் புழு எப்படி இருக்கும்? நீளமா, குட்டையா? வரி வரியாக இருக்குமா? தொட்டால் துள்ளி ஓடுமா?

மாடிக்கீரை | வேளச்சேரி

நல்ல நீளம், ஒரு சாணுக்குப் பக்கத்தில் வரும். தடிமனாக, முதுகில் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து மினுங்கும். வால் பக்கம் வெளுத்து மெலிந்திருக்கும். வரி இல்லை. நர்சரியில் வாங்கினது.

நாட்டுப்புழு | மதுரை

அது யூட்ரிலஸ் யூஜினியே, ஆப்பிரிக்கப் புழு என்று சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும், பெரிசாக இருப்பதால் கண்ணுக்கும் நன்றாக இருக்கும், அதனால் நம் ஊரில் பரவலாக விற்கிறார்கள். ஆனால் 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் அதற்கு சுகம். 30-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். வரி வரியாகச் சின்னதாக இருக்கும் ஐசீனியா ஃபெடிடா 35 வரை எப்படியோ தாக்குப்பிடிக்கும், அதற்கும் பிடித்தது 25-தான்.

நம் ஊர் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் இந்த இரண்டையும்விட வெயிலைத் தாங்கும். மெலிந்த உடம்பு, முதுகில் நீல ஊதா மினுமினுப்பு, தொட்டால் பாம்புக்குட்டி மாதிரி துள்ளும். சாணக்குழி ஓரத்திலும் வாழைத் தோப்பில் அழுகின தண்டுக்கு அடியிலும் தேடினால் கிடைக்கும். சென்னை நியூ காலேஜில் பணியாற்றிய மண்ணுயிரியல் அறிஞர் சுல்தான் அகமது இஸ்மாயில் பல வருடமாக இதையும் லாம்பிட்டோ மாரிட்டையையும், அதாவது நம் மண்ணிலேயே இருக்கும் புழுக்களைப் பயன்படுத்தச் சொல்லிவந்தவர். அவர் வழியில் வந்தவர்கள் நாங்கள். வெளிநாட்டுப் புழுவை வாங்கி அதற்கு ஐஸ் வைத்துக் காப்பாற்றுவதைவிட, இங்கேயே பிறந்ததை வளர்க்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

செம்மண் | சேலம்

மதுரை அண்ணா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஒரு விஷயத்தைத் தவிர. பெரியோனிக்ஸ் ஓடிப்போகிற புழு. கோடை இடிமழை வருவதற்கு முன் சாயங்காலம் புழுக்கமாக இருக்குமே, அந்த ராத்திரியில் பாதிப் புழு தொட்டியை விட்டு ஏறிப் போய்விடும். அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக் கதவுக்கு அடியில் புழு போனால் நமக்குத்தான் பேச்சு.

நாட்டுப்புழு | மதுரை

உண்மைதான் தம்பி. மழை வரும்போல் இருந்தால் மூடிக்கு மேலே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை ராத்திரி எரியவிடுங்கள், வெளிச்சத்தைக் கண்டால் வெளியே வராது. விளிம்பைச் சுற்றி உள்பக்கம் ஒரு விரல் அகலத்துக்குக் காய்ந்த துணியைச் சுற்றினாலும் தாண்டாது. லாம்பிட்டோவைத் தொட்டிக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அது மண்ணுக்குள் வளை போடும் ஜாதி, தோட்டத்தில் தரையில் குழி வைத்திருப்பவர்களுக்குத்தான் சரி.

துளசிமாடம் | மயிலாடுதுறை

எங்கள் வீட்டில் ஆர்.ஓ. மிஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் புழுத் தொட்டிக்குத்தான் ஊற்றுகிறோம். அதில் தவறு உண்டா? கோடையில் தினமும் ஒரு லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது.

மண்வாசம் | தாம்பரம்

தயவுசெய்து நிறுத்துங்கள். பாத்திரம் கழுவ, தரை துடைக்க, கழிவறைக்கு என்று பயன்படுத்துங்கள், புழுவுக்கு வேண்டாம். ஆர்.ஓ. வெளியேற்றும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும்.

உதாரணத்துக்கு டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று) 1500 உள்ள தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. தினம் ஒரு லிட்டர் வீதம் இரண்டு மாதம் ஊற்றினால் 90 கிராம். 20 கிலோ படுக்கையில் அது கிட்டத்தட்ட அரை சதவீதம். உரப்புழு தாங்கும் எல்லையே அரை சதவீதம்தான். சமையலறைக் கழிவில் வரும் உப்பு இதில் சேரவில்லை. கடலோர ஊர்களில் கோடையில் போர்த் தண்ணீரும் இதே கதைதான், வேளச்சேரிக்காரர்கள் கவனிக்க.

நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் ஏ.சி.யில் இருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அது காற்றில் இருந்து குளிர்ந்து விழும் தண்ணீர், உப்பே இருக்காது. கோடையில்தான் நிறையவும் கிடைக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் அகலமான பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்றுங்கள். உப்புப் போடாத அரிசி கழுவிய தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளிக்கலாம், ஊற்றினால் அதுவும் நொதிக்கும்.

கோகோபீட் என்கிற தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குகிறவர்களும் ஊறவைத்த தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டிவிட்டுப் பிறகு போடுங்கள். அலசாத நார்க்கழிவிலும் உப்பு உண்டு.

பாலைக்காற்று | ஷார்ஜா

இங்கே மே முதல் செப்டம்பர் வரை பால்கனியில் எதையும் வைக்க முடியாது, 45-ஐத் தாண்டும். எங்கள் தொட்டி சமையலறை சிங்க்குக்கு அடியில் இருக்கிறது. ஏ.சி. ஓடும் வீடு என்பதால் சூடு பிரச்சினையே இல்லை, ஆனால் ஏ.சி. காற்று மேல்பகுதியை ஒரே நாளில் காயவைத்துவிடும். ஈரமான அட்டையைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி மேலே படுக்கவைத்திருக்கிறோம். ஊரில் இருப்பவர்கள் வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்குகிறார்கள். உள்ளே எடுத்துவையுங்கள். சரியாக வைத்த தொட்டியில் மழை பெய்த மண் வாசனைதான் வரும், என் மாமியாரே முதலில் நம்பவில்லை.

தென்றல் | திருச்சி

என் தொட்டியில் இரண்டு நாளாகச் சாம்பல் நிறத்தில் தடித்த புழு, கட்டம் கட்டமாக, கொதிக்கிற மாதிரி நெளிகிறது. கூடவே சிவப்பு எறும்பு வேறு. மண்புழுவைத் தின்றுவிடுமா?

செம்மண் | சேலம்

சாம்பல் நிறப் புழு பெரும்பாலும் பிளாக் சோல்ஜர் ஈயின் புழு. மண்புழுவைக் கடிக்காது. ஆனால் பச்சைக் கழிவை அசுர வேகத்தில் தின்னும், கூட்டமாகச் சேர்ந்தால் நல்ல சூட்டைக் கிளப்பும். கோடையில் அதுதான் ஆபத்து. அவை வந்திருக்கின்றன என்றாலே மேலே பச்சைக் கழிவு திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, அவற்றை அள்ளிக் கோழிக்கோ மீனுக்கோ போடுங்கள். கழிவை இனிமேல் நான்கு விரல் ஆழத்தில் புதைத்து மேலே காய்ந்த இலை மூடுங்கள்.

எறும்பு வந்தால் தொட்டி காய்ந்திருக்கிறது என்று பொருள். ஓரங்கள் காய்ந்து நடு மட்டும் ஈரமாக இருக்கும், தோண்டிப் பாருங்கள். ஓரத்தை நன்றாக நனையுங்கள். தொட்டியை நான்கு கல்லின்மேல் ஏற்றி, ஒவ்வொரு கல்லையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்துக்குள் வையுங்கள். எறும்புப்பொடி, சாக்பீஸ் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது, எறும்புக்கு முன் புழு போய்விடும்.

மாடிக்கீரை | வேளச்சேரி

எல்லோருக்கும் ஒரு தகவல். பழத்தோல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இரண்டு அகலமான டப்பாவில் பிரித்து, அலசிய நார்க்கழிவும் கிழித்த அட்டையும் கலந்து துவைக்கிற இடத்தில் வைத்தேன். இன்று காலை 30, மதியம் 32. வாடை போய்விட்டது. விளிம்பில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் உள்ளே இறங்கிவிட்டன.

ஆனால் பெரிய புழு நிறையக் குறைந்துவிட்டது. பாதிக்கு மேல் போயிருக்கும். கிளறும்போது எள்ளைவிடச் சற்றுப் பெரிதாக, பழுப்பு நிறத்தில், ஒரு முனை கூர்மையாகச் சின்னச் சின்ன உருண்டைகள் நிறையக் கிடைத்தன. விதையா, முட்டையா?

நாட்டுப்புழு | மதுரை

முட்டைக்கூடுகள், மேடம். ஒன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய புழு சாகிற சூட்டையும் வறட்சியையும் அந்தக் கூடு ஓரளவு தாங்கும். உங்கள் ஆப்பிரிக்கப் புழுவின் கூடு பொரிய இரண்டு வாரம் போல ஆகும், ஐசீனியா என்றால் மூன்று வாரத்துக்கு மேல். ஒரு கூட்டில் இரண்டு மூன்று குட்டிகள் வரும். வெள்ளை நூல் துண்டு மாதிரி இருக்கும், டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை கிளறாமல், காயாமல் வைத்திருங்கள். பாதி மக்கிய சாணமோ இலையோ இரண்டு பிடி மட்டும் போடுங்கள்.

செத்த புழு எங்கே என்று தேட வேண்டாம். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஓரிரு நாளில் கரைந்து காணாமல் போய்விடும்.

மண்வாசம் | தாம்பரம்

மேடம், 28-ஆம் தேதி கத்திரி முடிகிறதே என்று உடனே மாடிக்கு ஏற்றிவிடாதீர்கள். சென்னையில் இதுவரை பதிவான உச்ச வெயில் 45 டிகிரி. அது 2003-ல் மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு. ஜூனிலும் மேற்குக் காற்று கடல்காற்றைத் தடுத்து நிறுத்தும் நாட்களில் சென்னை கொதிக்கும். தெர்மாமீட்டர் நடுவில் தொடர்ந்து 30-க்குக் கீழே காட்டட்டும், அப்புறம் சாப்பாட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

குளத்தங்கரை | தஞ்சாவூர்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். என் தொட்டியில் ஒரு புழுகூட மிச்சமில்லை, வெளியூர் போய்வந்த இடைவெளியில் எல்லாம் போய்விட்டது. உடனே ஒரு கிலோ புழு வாங்கலாம் என்று இருக்கிறேன். கூரியரில் அனுப்புகிறார்களாம். வாங்கலாமா?

நாட்டுப்புழு | மதுரை

இப்போது வேண்டாம் ஐயா. இந்த வெயிலில் கூரியர் வண்டியில் வரும் புழு வழியிலேயே செத்துவிடும், பிழைத்து வந்தாலும் சோர்ந்துதான் வரும். முதலில் உங்கள் தொட்டியை நனைத்து, நிழலில் வைத்து ஒரு மாதம் பொறுங்கள். மேலே மாடிக்கீரை மேடத்துக்குச் சொன்னதுதான், கூடுகள் இருந்தால் குட்டி தானே வரும்.

வராவிட்டால் ஆடி பிறந்து நாலு மழை பெய்த பிறகு வாங்குங்கள். உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் மண்புழு விற்பனைக்கு வைத்திருப்பார்கள். அரைக்கிலோவே போதும். என்ன ஜாதி என்று கேட்டு வாங்குங்கள். துணிப்பையில் ஈரமான படுக்கையோடு கட்டித்தரச் சொல்லுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். விடியற்காலையில் போய் வாங்கி வெயில் ஏறுவதற்குள் வீடு வந்துவிடுங்கள். பஸ்ஸில் வந்தால் இன்ஜின் பக்கத்திலோ அடிப்பெட்டியிலோ வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.